முப்பத்தெட்டில் முதல் கர்ப்பம்: எதை எப்போது செய்வது

என் ஃபைலின் முதல் பக்கத்தில் 'எல்டர்லி ப்ரைமி' என்று எழுதியிருந்தார்கள். 38 வயதில் மூதாட்டிப் பட்டம்! 35க்கு மேல் முதல் பிள்ளை சுமப்பவர்களை அப்படிக் குறிப்பது பழைய மருத்துவ வழக்கமாம்.

முதலில், கரு தரிக்காவிட்டால் டாக்டரிடம் போகும் முன் எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்ற கணக்கு. 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். 35 தாண்டினால் ஆறு மாதம்தான். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். பிரஷர், சுகர், தைராய்டு மூன்றையும் கருத்தரிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே. நான் நாள் தள்ளிப்போன பிறகுதான் ஆரம்பித்தேன். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

வயதில் அப்படி என்ன இருக்கிறது? கருமுட்டைகள் நாம் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. எனக்கு 38 என்றால் என் முட்டைக்கும் 38. வயதான முட்டையில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரியாமல் போவது அதிகம். கருச்சிதைவு கூடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250ல் ஒன்று, 35ல் சுமார் 350ல் ஒன்று, 40ல் 100ல் ஒன்று. 'ரிஸ்க் அதிகம்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கேளுங்கள்.

இந்த வாய்ப்பைக் கணக்கிட, 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளப்பது) ரத்தப் பரிசோதனையும். எனக்கு 190ல் ஒன்று என்று வந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. டாக்டர் பேப்பரைத் திருப்பிப் போட்டு, "மீதி 189 பேரையும் பாரும்மா" என்றார். இவையெல்லாம் சல்லடைதான், முடிவு அல்ல. பத்து வாரத்துக்கு மேல் எடுக்கும் என்.ஐ.பி.டி.யும் (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் டெஸ்ட்) அப்படியே, ஆனால் சல்லடைக் கண் இன்னும் சிறியது. உறுதியாகத் தெரிய 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கருக்கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, யோசித்து முடிவெடுங்கள். நான் எடுத்தேன். நார்மல்.

அதோடு நிம்மதியாகிவிட்டேன், அதுவும் தப்பு. வயது கூடினால் கர்ப்பகால சுகரும் பிரஷரும் கூடும். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் டெஸ்ட். பிரஷர் சிக்கலைத் தவிர்க்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று 12வது வாரத்திலேயே கேளுங்கள், நீங்களாகப் போட வேண்டாம். பிரஷர் 140/90ஐத் தொட்டால், தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் மின்னினால், விலாவுக்குக் கீழே வலித்தால் உடனே கிளம்புங்கள்.

கடைசி வாரங்களில் குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நான் இரவு பதினொரு மணிக்குப் போய் நின்றேன். துடிப்பு சரியாகவே இருந்தது. இதற்காகவா வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.