49 நாளுக்கு ஒருமுறை ரிலே ஏன் டக்டக்கென்று அடித்தது?

வீட்டு மோட்டாருக்கு அட்மெகா 328 என்ற சின்னக் கணினிச் சிப்பை வைத்து நானே ஒரு கன்ட்ரோலர் செய்திருந்தேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், 20 நிமிடத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஒரு நாள் விடியற்காலையில் ரிலே, அதாவது மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச், விடாமல் டக்டக்கென்று அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்து, என்னவென்று யோசிப்பதற்குள் தானாகவே சரியாகிவிட்டது, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மில்லிநொடி எண்ணும் கவுன்டர் 32 பிட். 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான் 'இப்போது + 20 நிமிடம்' என்று முடிவு நேரத்தைக் கணக்கிட்டு வைத்து, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று பார்த்தேன். கவுன்டர் நிரம்பப் போகும் கடைசி 20 நிமிடத்தில் அந்தக் கூட்டல் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும், உடனே 'நேரம் முடிந்தது' என்று மோட்டார் நிற்கும், தொட்டி இன்னும் காலிதானே, மறுபடி ஓடும்.

அப்புறம் முடிவு நேரத்தைச் சேமிப்பதையே விட்டுவிட்டேன். டைமருக்குள் தொடங்கிய நேரமும் கால அளவும் மட்டும், இரண்டுமே அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) 32 பிட் எண்கள். இப்போதைய நேரத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்தால், கவுன்டர் சுற்றினாலும் விடை சரியாக வரும். வெளியே தெரிவது 'தொடங்கு', 'முடிந்ததா' என்ற இரண்டு ஃபங்ஷன்கள்தான், கழித்தல் வேறெங்கும் இருக்கக் கூடாது.

நிமிடத்தை மில்லிநொடியாக மாற்றவும் தனி ஃபங்ஷன் வைத்தேன், ஏனென்றால் இந்தச் சிப்பில் இன்ட் (சாதாரண முழு எண்) 16 பிட்தான், 20 × 60 × 1000 என்று அப்படியே எழுதினால் விடை அதற்குள் அடங்காமல் சுற்றி 20352 ஆகிவிடும், அதாவது 20 நொடி!

சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். நேரம் தரும் ஃபங்ஷனில் ஒரு எண்ணைக் கூட்டி, நிரம்ப 10 நொடி இருக்கும்போது தொடங்க வைத்தேன். ரிலே ஒரே ஒரு 'டக்', மோட்டார் 20 நிமிடம் முழுதாக ஓடியது.