‘விழுந்துடுவ’ என்று கத்துவதற்கு முன்னால்

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடப் பையை வாசலில் போட்டதும் அந்த மரத்தின் மேல்தான் இருப்பாள். நானும் கீழே நின்று, "பார்த்துடி, விழுந்துடுவ" என்று கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் நான் கத்தியதும் அவள் கிளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கால் வழுக்கிவிட்டது. நல்லவேளையாகக் கை பிடியை விடவில்லை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

"பார்த்து" என்கிறோம், எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள். "அந்தக் கிளை ஆடுதா, மிதிச்சுப் பாரு." "அடுத்த கை எங்க வைக்கப் போற?" "எந்தப் பக்கமா இறங்குவ?" கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஒரு தடவை மேலே மாட்டிக்கொண்டு, "ம்மா, தூக்கு" என்று அழுதாள். கை பரபரத்தது. "இங்கதான் நிக்கிறேன் கண்ணு. வலது காலைக் கீழே விடு, ஒரு முண்டு தட்டுப்படும்" என்றேன். கால் கட்டைவிரல் பட்டையைத் தடவித் தடவி வந்து, முண்டைத் தொட்டு, மெதுவாக அழுத்திப் பார்த்தது. அப்புறம் அழுகை நின்றுவிட்டது. தானாக ஏற முடிந்த உயரத்துக்கு மட்டும் விடுங்கள், எட்டாத கிளையில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஈர மரம் வேண்டாம். முருங்கை வேண்டவே வேண்டாம், பட்டென்று ஒடியும். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் நீங்கள் பாருங்கள்.

நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007-இல் இந்த மாதிரி ஆபத்து கலந்த விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கத்தி சுத்தியல் போன்ற கருவிகள், தண்ணீர் நெருப்பு பக்கம் போவது, கட்டிப் புரள்வது, பெரியவர் கண்ணில் படாமல் சுற்றுவது. எங்கள் தெருப் பிள்ளைகளின் சாயங்காலம் முழுக்க அதில் இருக்கிறது.

வீட்டிலும் பேசிவையுங்கள். நான் கேள்வி கேட்கும்போது ஜன்னலிலிருந்து அத்தை "ஐயோ" என்றால் பிள்ளை குழம்பிவிடும். "பொம்பளப் புள்ளய மரத்துல ஏத்திட்டு நிக்கிறியே" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "பார்த்துக்கிட்டுதான்க்கா இருக்கேன்" என்று சொன்னால் போதும்.

சில இடங்களில் கேள்வியே கிடையாது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளில் பாசியும் இடுக்கும் இருக்கும், எந்த அலை மேலே ஏறும் என்று தெரியாது. மொட்டை மாடியில் மாஞ்சா நூல், டிரான்ஸ்பார்மர், கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலை. இந்த ஆபத்துகளைக் குழந்தையால் கணிக்க முடியாது. இவற்றுக்கென்று ஒரே சொல்லை வைத்திருக்கிறேன்: "நில்லு." மரத்தடியில் அதைச் சொல்வதே இல்லை.

போன மாதம் பந்து சாலைப் பக்கம் உருண்டது. "நில்லு" என்றேன். ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். லாரி போன பிறகு நான் போய்ப் பந்தை எடுத்து வந்தேன்.