ஆபீஸ் போனை யாரும் எடுக்கலைன்னா கால் வாய்ஸ்மெயிலுக்கு போகணும்: ஃப்ரீபிபிஎக்ஸ்ல செட் பண்றது எப்படி?

பெங்களூர் பீன்யால எங்க மாமாவோட ஸ்பேர் பார்ட்ஸ் ஆபீஸ். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருத்தர் நாலு தடவை அடிச்சிருக்கார், எல்லாரும் கிளம்பியாச்சு, மணி அடிச்சு அடிச்சு கட் ஆயிருக்கு, திங்கக்கிழமை நாங்க கூப்பிட்டா ஆர்டரை வேற இடத்துல கொடுத்துட்டேன்னார். மனசு ஆறவே இல்ல. அன்னைக்கு ஃப்ரீபிபிஎக்ஸ்ல (ஆபீசுக்கு வர்ற காலை எந்த போனுக்கு அனுப்பணும்னு பார்த்துக்கற சாஃப்ட்வேர்) உக்காந்து செட் பண்ணதைத்தான் எழுதறேன்.

முதல்ல ஒரு பேப்பர்ல கால் எங்கேருந்து எங்க போகணும்னு வரைஞ்சுக்கோங்க, இதை விட்டுட்டு நேரா ஸ்கிரீன்ல உக்காந்தா கண்டிப்பா குழம்புவீங்க.

அடுத்து, ஆபீசுக்கு பொதுவா ஒரு எக்ஸ்டென்ஷன் (ஆபீசுக்குள்ள இருக்கற உள் நம்பர்) போடுங்க, 250ன்னு வெச்சுக்கலாம். வாய்ஸ்மெயில் டேப்ல எனேபிள், பாஸ்வேர்டு (1234 வேண்டவே வேண்டாம்), மெயில் ஐடி, ஈமெயில் அட்டாச்மென்ட் யெஸ். மெயில் வரலைன்னா ஸ்பேம்ல பாருங்க.

இப்போ ரிங் குரூப், அதாவது ஒரு கால் வந்தா ஒண்ணா அடிக்கற போன்கள். எல்லா டெஸ்க் நம்பரையும் போட்டு ரிங் டைம் 20 செகண்ட் வைங்க. நம்ம ஊர்ல 3 செகண்டுக்கு ஒரு தடவை ட்ரிங் ட்ரிங்னு கேக்கும், அதனால 20 செகண்ட்னா ஆறேழு தடவை அடிக்கும், அது போதும். முதல்ல ரிசப்ஷன், அப்புறம் அக்கவுன்ட்ஸ், அப்புறம் குடோன்னு ஆளுக்கு 30 செகண்ட் வெச்சா மாட்டிக்குவீங்க, ஏன்னா 2019ல டெலிகாம் ரெகுலேட்டர் டிராய் ரிங் அடிக்கற நேரத்தை லேண்ட்லைனுக்கு 60 செகண்ட், மொபைலுக்கு 30 செகண்ட்னு வெச்சுட்டாங்க, வாய்ஸ்மெயில் எடுக்கறதுக்குள்ள லைனே கட் ஆயிடலாம். டெஸ்டினேஷன் இஃப் நோ ஆன்சர்ல வாய்ஸ்மெயில் 250, அதுல அன்அவைலபிள்னு இருக்கறதை எடுங்க. பிஸி எடுத்தீங்கன்னா பூட்டின ஆபீஸ்ல யாரோ போன்ல பேசிட்டிருக்காங்கன்னு சொல்லும்.

டைம் குரூப்ல திங்கள் முதல் சனி 9.30 டு 6.30. டைம் கண்டிஷன்ல அந்த நேரம்னா ரிங் குரூப், இல்லைன்னா நேரா 250 வாய்ஸ்மெயில். டைம்சோன் ஏசியா கொல்கத்தாவான்னு பார்த்துடுங்க. கடைசியா இன்பவுண்ட் ரூட்ஸ்ல (வெளியேருந்து வர்ற கால் எங்க போகணும்னு சொல்ற இடம்) உங்க நம்பரோட டெஸ்டினேஷனை இந்த டைம் கண்டிஷனுக்கு மாத்தி, சப்மிட் அழுத்தி, மேல சிவப்பா வர்ற அப்ளை கான்ஃபிக்கையும் அழுத்தணும், அதை மறந்தா எதுவுமே மாறாது.

கிரீட்டிங் உங்க குரல்லயே இருக்கட்டும். ஏதாவது ஒரு டெஸ்க் போன்லேருந்து ஸ்டார் 98 அடிச்சு, 250, பாஸ்வேர்டு, அப்புறம் 0, அப்புறம் 1, பேசுங்க. நாங்க முதல்ல கன்னடம், அப்புறம் ஓசூர், கோயம்புத்தூர் ஆளுங்களுக்காக தமிழ்ல ரெண்டு வரி. நவம்பர் 1 ராஜ்யோத்சவா மாதிரி லீவு நாள்ல அந்த 1க்கு பதிலா 4 அழுத்தி டெம்பரரி கிரீட்டிங் போடுங்க, லீவு முடிஞ்சதும் மறக்காம அழிச்சிடுங்க.

சாயந்திரம் 7 மணிக்கு உங்க மொபைல்லேருந்தே அடிச்சு ஒரு மெசேஜ் விடுங்க. மெயில்ல ஆடியோ வந்து சேர்ந்துடுச்சுன்னா, தினமும் காலைல அதை யார் கேட்டு திருப்பி கூப்பிடணும்னு ஒரே ஒரு ஆளை முடிவு பண்ணிடுங்க. எங்க ஆபீஸ்ல அது அத்தை.