பிரெஞ்சு வினெகிரெட்: உப்பு முதலில், எண்ணெய் கடைசியில்

பிரெஞ்சு சமையலில் இந்த சாலட் டிரெஸ்ஸிங்குக்கு வழக்கமான அளவு ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய். நான்கு பேருக்கு 1 மேசைக்கரண்டி ஒயின் வினிகர், 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் போதும்.

உப்பை முதலில் வினிகரில் கரையுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது. கடைசியில் போட்டால் பல்லில் நறநறக்கும். அடுத்து அரை தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது. இதை விட்டுவிடாதீர்கள், எண்ணெய்த் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் பிடித்து வைப்பது கடுகுதான். பிறகு எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டபடியே நன்றாக அடியுங்கள். பிரிந்துவிட்டால் மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள், சேர்ந்துவிடும்.

லெட்யூஸ் இலையில் ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் தேங்கும். கழுவியதும் துணியில் ஒற்றி உலர்த்துவது அவசியம். பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். எண்ணெய் பட்ட இலை சீக்கிரம் துவண்டுவிடும்.

உருளைக்கிழங்கு சாலட்டுக்கு நேர்மாறு. வெந்த கிழங்கு சூடாக இருக்கும்போதே ஊற்றினால்தான் புளிப்பும் உப்பும் உள்ளே இறங்கும்.

மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் ஆலிவ் எண்ணெய் உறையும், கெட்டுப்போகவில்லை. சற்று நேரம் வெளியே வைத்துக் குலுக்கினால் இளகிவிடும்.