ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கேட் பார்க்: தரையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்கேட் பார்க் என்றதும் ஆளுயரச் சரிவும் அதன் உச்சியில் அந்தரத்தில் நிற்கும் பையனும்தான் பலருக்கு நினைவில் வரும். அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். சக்கரம் பூட்டிய பலகையில் (ஸ்கேட்போர்டு) புதிதாக ஏறும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வழவழப்பான சமதரை. அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றைப் பணம் வரவரச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 1: பிள்ளைகளைக் கேளுங்கள்

ஓட்ட ஆசைப்படும் பத்துப் பேரையாவது உட்காரவைத்துப் பேசுங்கள். என்ன வயது, எத்தனை மணிக்கு வருவார்கள், பலகை யாரிடம் இருக்கிறது, வீட்டிலுள்ள தங்கையும் வருவாளா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், ஜன்வார் கிராமத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரெய்ன்ஹார்ட்டின் முயற்சியால் 2015இல் ஒரு ஸ்கேட் பார்க் வந்தது. அங்கே வைத்த இரண்டு விதிகள் பெயர்பெற்றவை: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இப்படி ஒரு விதியைத் திறப்பு விழாவுக்குப் பிறகு கொண்டுவந்தால் எடுபடாது. அதற்குள் பையன்கள் இடத்தைப் பிடித்திருப்பார்கள்.

படி 2: இடம்

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் பல ஊர்களில் முள் மண்டிக் கிடக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் பக்கத்தில் போகாதீர்கள். நாற்பதுக்கு எண்பது அடி கிடைத்தால் தொடக்கத்துக்குப் போதும். சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் இடமாக இருக்கட்டும். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள். நிழல் வேண்டும், ஆனால் மரம் தரைக்கு மேலே கவிந்திருக்கக் கூடாது. புங்கம்பூ உதிரும் காலத்தில் ஓட்டவே முடியாது.

படி 3: கிராம சபை

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போய் அவர்களையே பேசவிடுங்கள். “இதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று யாராவது கேட்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் சேர்க்கப்பட்டதையும், ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றதையும் சொல்லுங்கள். பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் ஒரு பங்கை ஊர்மக்கள் திரட்ட வேண்டும். இன்னொன்று: வரைபடம் போடும் பொறியாளர் சக்கரக் காலணி ஓட்டும் வட்டத் தடத்தை வரைந்துவிடக்கூடும். இரண்டும் வேறு வேறு என்பதைப் படம் காட்டிப் புரியவையுங்கள்.

படி 4: தரை

ஸ்கேட்போர்டின் சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள கெட்டியான உருளை. அதன் முன்னால் கடலைப்பருப்பு அளவு ஜல்லி கிடந்தால் போதும். பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போய் விழுவான்.

வெளித்தரை என்றால் வழுக்கக் கூடாதே என்று நம் கொத்தனார்கள் ஈரக் கான்கிரீட்டில் துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுவார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் இங்கே அது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு அங்குலக் கனம், உள்ளே கம்பி வலை, மழைநீர் வடியப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். கொட்டி, மட்டப்பலகை இழுத்தபின் மேலே கசியும் நீர் வற்றும்வரை பொறுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இரும்புக் கரணையை எடுக்கும் நேரம் அதுதான். நீர் சீக்கிரம் வற்றட்டும் என்று சிமென்ட் தூவினால் பின்னால் மேல்தோல் செதில் செதிலாக உரியும். அன்று மாலையே கொத்தனார் வீட்டுக்குப் போக அவசரப்படுவார். டீ வாங்கிக்கொடுத்து நிறுத்திவையுங்கள்.

பாத்தி கட்டிக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். நம் வெயிலுக்கு அதற்குக் குறைந்தால் வெடிப்பு விடும்.

படி 5: சரிவு

இரு முனைகளிலும் மூன்றடி உயரத்தில் வளைசரிவு ஒவ்வொன்று. வளைவை வரைய, தரையில் ஓர் ஆணி அடித்து ஏழடிக் கயிறு கட்டி, மறுமுனையில் பென்சிலை வைத்து பிளைவுட் பலகையில் வட்டத்தின் ஒரு துண்டை இழுங்கள். அதை வெட்டி எடுத்தால் அச்சு தயார். உச்சி விளிம்பில் இரண்டங்குல இரும்புக் குழாயைப் பதித்து, அது விரல் நுனி அளவு மட்டும் வெளியே துருத்தும்படி விடுங்கள். மேடையில் நிற்க நான்கடி அகலம் வேண்டும். நடுவே முழங்காலுக்குக் கீழான உயரத்தில், விளிம்பில் இரும்புப் பட்டை பதித்த ஒரு திண்ணை. முதல் ஆண்டுக்கு இவை போதும்.

படி 6: திறந்த பிறகு

இரவல் பலகை ஐந்தாறு, அதே எண்ணிக்கையில் தலைக்கவசம், முழங்கால் காப்பு. ஒரு பூட்டுப்பெட்டி, சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். மாலை ஆறு முதல் எட்டு வரை எரிய இரண்டு விளக்குகள். நுழைவாயிலில் ஆணி அடித்து ஒரு தென்னந்துடைப்பம் மாட்டுங்கள். முதலில் வருகிறவர் பெருக்கிவிட்டுத்தான் பலகை எடுக்க வேண்டும்.