பன்னிரண்டாவது பிறந்தநாள் எந்த அடைப்புக்குள்?

[5, 12) என்று முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். ஒரு பக்கம் சதுர அடைப்பு, மறுபக்கம் வளைவு. ஆனால் தெரிந்தேதான் அப்படிப் போடுகிறார்கள். இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ள எண்கள் அத்தனையையும் சேர்த்துக் குறிக்கும் முறை இது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு ‘இடைவெளி’ என்று பெயர். இலங்கையில் ‘ஆயிடை’ என்பார்கள். ரயில் டிக்கெட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

படி 1: விதியை வாக்கியமாக எழுதுங்கள்

இந்திய ரயிலில், தனி இடம் கேட்காதவரை, 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 5 நிரம்பி 12 நிரம்பாத பிள்ளைக்கும் தனி இடம் கேட்காவிட்டால் அரை டிக்கெட். 12 நிரம்பிவிட்டால் முழு டிக்கெட்.

படி 2: எல்லையில் நிற்பவரைக் கேளுங்கள்

இன்றைக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் கொண்டாடும் பையனுக்கு எந்த டிக்கெட்? முழு டிக்கெட்தான். ஆக, அரை டிக்கெட் கூட்டத்தில் 12 இல்லை, 5 உண்டு. வயதை ‘வ’ என்று வைத்தால்:

5 ≤ வ < 12

எல்லை எண் உள்ளே இருந்தால் சதுர அடைப்பு. வெளியே நின்றால் வளைவு. அதனால்தான் [5, 12). எண்கோட்டில் வரையும்போது 5-இன் மேல் நிரப்பிய புள்ளி, 12-இன் மேல் வெற்று வட்டம், நடுவில் தடித்த கோடு.

மொத்த விதியும் மூன்று துண்டு: [0, 5), [5, 12), [12, ∞). கடைசியில் உள்ள ∞ முடிவிலிக் குறி, அதாவது மேல் எல்லை கிடையாது. எந்த வயதும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு இடத்தில் வரவில்லை. இதையே [0, 5], [5, 12] என்று எழுதிப் பாருங்கள். இன்று ஐந்து நிரம்பும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்றும் ஆகும், வேண்டும் என்றும் ஆகும். பரிசோதகர் பாடு திண்டாட்டம்.

இருபுறமும் சதுரம் என்றால் மூடிய இடைவெளி, இருபுறமும் வளைவு என்றால் திறந்த இடைவெளி. கலந்து வந்தால் அரைத் திறந்தது.

படி 3: உள்ளே எட்டிப் பாருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். [5, 12) என்றால் 5, 6, 7 தொடங்கி 11 வரை ஏழு எண்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. 5.5 உண்டு, √30 உண்டு, 11.87 உண்டு, இடையில் உள்ள மெய்யெண் அத்தனையும் உண்டு.

இதில் மிகச் சிறியது 5. மிகப் பெரியது? 11.99 என்று சொன்னால், அதற்கும் 12-க்கும் நடுவே 11.995 இருக்கிறது. அதைச் சொன்னால் 11.9975. எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரியது ஒன்று கிடைக்கும். ஆக, மிகப் பெரிய எண்ணே இதில் கிடையாது. “முடிவில்லாமல் 9 போட்டுக்கொண்டே போனால்?” என்று கேட்கும் கெட்டிக்காரர் எந்த வகுப்பிலும் ஒருவர் இருப்பார். 11.999… என்பது 12-ஏதான், வெளியே நிற்கிறது.

படி 4: முடிவிலிக்கு எப்போதும் வளைவு

∞ ஒரு எண்ணே அல்ல, உள்ளே சேர்க்க முடியாது. [12, ∞] என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டவன் சொல்கிறேன்.

படி 5: கணக்கில் போட்டுப் பாருங்கள்

|அ − 3| ≤ 2. அதாவது 3-இலிருந்து 2-க்கு மேல் விலகாத எண்கள். விடை [1, 5].

அ² > 4. இங்கே 3 பொருந்தும், −3 பொருந்தும், நடுவில் உள்ள 0 பொருந்தாது. விடை இரண்டு துண்டு: (−∞, −2) ∪ (2, ∞). நடுவில் உள்ள ∪ இரண்டையும் சேர்க்கும் குறி. அவசரத்தில் 2 < அ < −2 என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு எண் கிடையாது. இந்தச் சேர்ப்பு இடைவெளியும் அல்ல. இடைவெளி என்றால் அதில் எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் நடுவில் இருப்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒரு குழப்பம் மிச்சம். (2, 5) என்பது திறந்த இடைவெளியா, வரைபடத்தாளில் ஒரு புள்ளியா? சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் சதுர அடைப்பையே வெளிப்பக்கம் திருப்பி ]2, 5[ என்று எழுதிவிடுகிறார்கள். கணிதக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 80000-2 இரண்டையும் ஏற்கிறது. பரீட்சைத் தாளில் மட்டும் உங்கள் பாடநூல் முறையிலேயே எழுதுங்கள்.