போகியை ஸ்க்ரூவுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்கப் பொம்மை ரயில் செட்டுகளில் வந்த எச்ஓ அளவு (1:87) சரக்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். போகி ஒரு பிளாஸ்டிக் முளையால் பெட்டியின் அடித்தளத்தில் சொருகப்பட்டிருக்கும். (நம் ஊரில் பெட்டியையே போகி என்பார்கள், நான் சொல்வது அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தை.) கப்ளரும் (பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கி) அந்தப் போகியிலிருந்தே நீண்டிருக்கும். இழுக்கும்போது தொல்லை இல்லை. பின்னால் தள்ளினால், தள்ளும் விசை கப்ளர் வழியாகப் போகியைத் திருப்பிவிட, சக்கரம் தடம் புரளும். அதனால்தான் முளைக்குப் பதிலாக ஸ்க்ரூ போட்டு, கப்ளரைப் பெட்டியோடு பொருத்துகிறோம்.

அவசரப்படுபவர்கள் முளை இருந்த ஓட்டையிலேயே பெரிய ஸ்க்ரூவை முறுக்கிவிடுவார்கள். அந்த ஓட்டை அகலமானது; மரை பிடிக்காது, போகியும் மையத்தில் நிற்காது. ஓட்டையில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் குச்சியைச் சொருகி, பிளாஸ்டிக் பசையால் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். காயாத பிளாஸ்டிக்கில் டிரில் பிட் ஓரமாக வழுக்கிக்கொண்டு போகும். 2-56 ஸ்க்ரூ (ஒரு சிறிய அமெரிக்க ஸ்க்ரூ அளவு) என்றால் மரைக்கு 1.8 மி.மீ. ஓட்டை போதும். போகியில் உள்ள ஓட்டையும் பெரிதாக இருந்தால் அங்கே இதே வித்தை பெரும்பாலும் பலிக்காது. பல போகிகள் டெல்ரின் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கால் ஆனவை, அதில் பசை ஒட்டாது. ஸ்க்ரூவின் மேல் சரியான அளவில் ஒரு சிறு குழாயை உறை போலச் செருகிவிடுங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, இரண்டு ஸ்க்ரூக்களையும் ஒரே இறுக்கத்தில் வைப்பது. நான்கு கால் ஸ்டூல் மேடுபள்ளத் தரையில் ஆடும். மூன்று கால் முக்காலி ஆடாது. பெட்டிக்கும் அதே கணக்குதான். ஒரு போகி இடம் வலமாகத் திரும்பினால் போதும், சாயக் கூடாது. மற்றது திரும்பவும் வேண்டும், எல்லாப் பக்கமும் கொஞ்சம் சாயவும் வேண்டும். இரண்டையும் இறுக்கினால் தடம் லேசாக முறுக்கியிருக்கும் இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு ஓடும். முதல் ஸ்க்ரூவைப் போகி தாராளமாகத் திரும்பும் அளவுக்கு முறுக்குங்கள். இரண்டாவதை அதைவிட அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம்.

ஸ்க்ரூ நீளத்தையும் கவனியுங்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் எடைத் தகட்டில் நுனி முட்டினால், ஸ்க்ரூ நின்றுவிடும் அல்லது தகடு பெயர்ந்துவிடும்.

அப்புறம் உயரம். தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளரின் மையம் சுமார் 9.9 மி.மீ. இருக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடாதீர்கள், உயர அளவி வைத்துப் பாருங்கள். குறைந்தால் போகிக்கு மேலே மெல்லிய ஃபைபர் வாஷர் ஒன்று போடலாம். மூன்று நான்கு தேவைப்பட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. சக்கர விட்டத்தையோ கப்ளரைப் பொருத்திய இடத்தையோ பாருங்கள்.

நீளமான பயணிகள் பெட்டிகளில் மட்டும் இந்த வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வளைவை அளந்துகொள்ளுங்கள். 18 அங்குல ஆரமுள்ள வளைவில் அவற்றின் முனை வெகுதூரம் வெளியே வீசும். கப்ளரைப் பெட்டியோடு பூட்டினால் அது பக்கத்துப் பெட்டியையும் தடத்திலிருந்து இழுத்துவிடும். அந்தப் பெட்டிகளில் ஸ்க்ரூ மட்டும் போடுங்கள், கப்ளர் போகியிலேயே இருக்கட்டும்.